பிரேயஸ் துறையும் தீவுக் கப்பல்களும்

கிரேக்கத் தலைநகர் ஏதென்ஸின் நடுப்பகுதியிலிருந்து தென்மேற்கே சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கிறது பிரேயஸ் துறைமுகம். ஏஜியன் கடலின் தீவுகளுக்குப் போகும் பயணிகள் கப்பல்களில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் விடிந்தும் விடியாததுமாகத் துறைமேடை நிறைந்துவிடும். முதுகுப்பை சுமந்த வெளிநாட்டார், சொந்த ஊர்த் தீவுக்குப் புறப்பட்ட ஏதென்ஸ் குடும்பங்கள், காய்கறியும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் என எல்லாம் ஒரே வாசலை நோக்கி நகரும். கப்பலின் பின்பக்கம் முழுதாகத் திறந்து, இரும்புச் சாய்தளம் கரைமேல் படிந்து கிடக்கும். மனிதருக்கும் வண்டிக்கும் அதுவே வழி.

சாண்டோரினி, மைகோனோஸ் விளம்பரப் படங்களைப் பார்ப்பவருக்கு இந்தக் கப்பல் போக்குவரத்தே விடுமுறைக்காரர்களுக்காக வந்தது என்று தோன்றக்கூடும். உண்மையில் தபாலும் நிலக்கரியும் கிளர்ச்சியும் நேர்த்திக்கடனும் நாடுகடத்தலும் ஆரஞ்சுப் பழமும் போட்டுவைத்த தடம் இது. சுற்றுலாப் பயணி கடைசியாக வந்து ஏறிக்கொண்டவர்.

கிரேக்கத்துக்குச் சிறிதும் பெரிதுமாக ஆயிரக்கணக்கான தீவுகள் உண்டு. மக்கள் குடியிருப்பவை மட்டும் இருநூறை ஒட்டி வரும். ஏதென்ஸுக்கு அருகில் ஈட்ராவும் ஏஜினாவும். கடலின் நடுவே வட்டமாகச் சிதறிய சிக்லேடிஸ் கூட்டத்தில் சிரோஸ், டினோஸ், மைகோனோஸ், பாரோஸ், நாக்ஸோஸ், சாண்டோரினி. துருக்கிக் கரையோரம் ரோட்ஸ் முதலான தொதெக்கனீஸ் தீவுகள். தெற்கே எல்லாவற்றையும் விடப் பெரிய கிரீட். பிரேயஸிலிருந்து சாண்டோரினி சுமார் 130 கடல் மைல். சாதாரணக் கப்பலில் ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். கிரீட்டுக்கு ஓர் இரவு ஆகும்.

பிரேயஸைக் கோட்டை கட்டித் துறைமுகமாக்கும் வேலையை ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் தொடங்கியது கி.மு. 493-இல். மூன்று இயற்கைக் குடாக்கள் இருந்ததால் போர்க்கப்பலுக்கும் வணிகக் கப்பலுக்கும் தனித்தனி இடம் கிடைத்தது. தீவுக்குப் போன கப்பல் காற்றால் தாமதமான கதையும் அந்தக் காலத்திலேயே உண்டு. ஆண்டுதோறும் ஏதென்ஸ் நகரம் டெலோஸ் தீவின் அப்பல்லோ கோயிலுக்கு ஒரு புனிதக் கப்பலை அனுப்பும். அது திரும்பும்வரை நகரில் யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்பது விதி. கி.மு. 399-இல் சாக்ரடீஸுக்குத் தீர்ப்பு வழங்கப்பட்டபோது அந்தக் கப்பல் புறப்படத் தயாராக இருந்தது. அது போய்த் திரும்பும்வரை ஏறக்குறைய ஒரு மாதம் அவர் சிறையில் நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

ஏஜியன் கடலின் குணத்தை அறியாமல் அதன் கப்பல் வரலாறு புரியாது. கோடையில், குறிப்பாக ஜூலை, ஆகஸ்டில், பால்கன் பகுதியில் காற்றழுத்தம் உயர்ந்தும் அனத்தோலியாவில் தாழ்ந்தும் இருப்பதால் வடக்கிலிருந்து பலத்த காற்று இறங்கும். மெல்தெமி என்று அதற்குப் பெயர். வானம் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும். மழை, மேகம் எதுவும் இராது. ஆனால் கடல் கொதிக்கும். குளிர்காலத்துக் காற்று வேறு விதம். திசை மாறி மாறி, மழையோடு அடிக்கும். பாய்மரக் காலத்து மாலுமிகள் ஏப்ரல் 23-இல் வரும் புனித ஜார்ஜ் திருநாளுக்குப் பின் கடலில் இறங்கி, அக்டோபர் 26-இல் வரும் புனித டெமெட்ரியோஸ் திருநாளோடு படகைக் கரையேற்றிவிடுவது வழக்கம். அரை ஆண்டு பல தீவுகள் தம்மில் தாமே அடங்கிக் கிடந்தன.

ஒட்டோமான் ஆட்சியில் பிரேயஸ் கிட்டத்தட்ட ஆளற்ற குடாவாகிவிட்டது. அங்கே நின்ற பழைய பளிங்குச் சிங்கத்தின் பெயரால் மாலுமிகள் அதைச் சிங்கத் துறைமுகம் என்றே அழைத்தார்கள். 1687-இல் ஏதென்ஸைப் பிடித்த வெனிஸ் படைத்தலைவர் மொரோசினி, திரும்பும்போது சிங்கத்தையும் கொண்டுபோனார். இன்றும் அது வெனிஸ் கப்பற்கட்டும் தளத்தின் வாசலில் இருக்கிறது. 1834-இல் புதிய கிரேக்க அரசு ஏதென்ஸைத் தலைநகராக்கியபோது பிரேயஸில் நகரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு அங்கே நகராட்சி ஏற்பட்டது.

அன்றைக்குக் கிரேக்கத்தின் முதன்மைத் துறைமுகமாக விளங்கியது சிக்லேடிஸ் நடுவே கிடக்கும் சிரோஸ் என்ற சிறு தீவு. ஒட்டோமான் ஆட்சிக்கு எதிரான கிரேக்க விடுதலைப் போரின்போது அங்கிருந்த கத்தோலிக்கர்கள் பிரான்ஸின் பாதுகாப்பில் ஒதுங்கி இருந்ததால் தீவு தப்பியது. ஒட்டோமான் படை நடத்திய 1822 படுகொலைக்குப் பின் கியோஸ் தீவிலிருந்தும், பிறகு பிசாரா முதலிய தீவுகளிலிருந்தும் ஓடிவந்த வணிகர்களும் மாலுமிகளும் அதன் கரையில் குடியேறி, எர்மூபோலிஸ் என்ற ஊரை எழுப்பினார்கள். வெறுங்கையோடு வந்த அகதிகள் ஒரு தலைமுறைக்குள் அந்த நாட்டின் கப்பல் வணிகத்தையே கையில் வைத்திருந்தார்கள். 1830-களிலிருந்து ட்ரியஸ்ட் நகரத்து ஆஸ்திரிய லாயிட் நிறுவனத்தின் நீராவிக் கப்பல்கள் அங்கே நின்று நிலக்கரி ஏற்றின. கான்ஸ்டான்டிநோபிளுக்கும் அலெக்சாண்டிரியாவுக்கும் போகிறவர்கள் அங்கே கப்பல் மாறினார்கள். 1850-களின் நடுவில் அரசின் பங்கோடும் மானியத்தோடும் கிரேக்க நீராவிக் கப்பல் கம்பெனி அதே சிரோஸில் தொடங்கப்பட்டது. தபாலைத் தீவுதோறும் குறித்த நாளில் சேர்ப்பது அதன் கடமை. பயணி அதோடு ஒட்டிக்கொண்டு போனார். அரசு பணம் கொடுத்துத் தீவுகளுக்குக் கப்பல் ஓட்டும் வழக்கத்துக்கு அதுவே தொடக்கம். அது இன்னும் முடியவில்லை.

அந்தக் கம்பெனியின் பெயரை நிலைநிறுத்தியது தபால் சேவை அல்ல. 1866-இல் ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராகக் கிரீட்டில் கிளர்ச்சி வெடித்தபோது, பன்ஹெல்லெனியோன், அர்காடியோன், எனோசிஸ் ஆகிய கப்பல்கள் சிரோஸிலிருந்து இரவோடிரவாகத் துருக்கியக் கடற்படையின் முற்றுகையை ஊடுருவி ஆயுதமும் தொண்டர்களும் கொண்டுபோயின. திரும்பும்போது பெண்களையும் குழந்தைகளையும் அகதிகளாக ஏற்றிவந்தன. அவற்றில் அர்காடியோன் அமெரிக்க உள்நாட்டுப் போரில் முற்றுகையைக் கடக்கவே பயன்பட்ட வேகக் கப்பல். 1867-இல் கிரீட் கரையோரம் அது எதிரியிடம் சிக்கி அழிந்தது.

1869-இல் ஏதென்ஸுக்கும் பிரேயஸுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. சிரோஸின் சரிவுக்கு அது முதல் அடையாளம். தலைநகரின் மக்கள்தொகையும் தொழிற்சாலைகளும் பெருகப் பெருக, கப்பல்கள் பிரேயஸை நாடின. 1893-இல் கொரிந்த் கால்வாய் திறந்தபின் மேற்குக் கரையிலிருந்தும் நேர்வழி கிடைத்தது. சாட்டைக் கம்பியின் நுனியில் கட்டிய கயிறுகள் போலக் கடல் தடங்கள் எல்லாம் பிரேயஸில் முடிச்சிடப்பட்டுத் தீவுகளை நோக்கி விரிந்தன. அடுத்தடுத்த இரண்டு தீவுகளுக்கிடையே போக வேண்டியவர்கூடப் பல நேரம் பிரேயஸுக்கு வந்து சுற்றிப் போக வேண்டியிருந்தது. அந்த ரயில் தடம் இன்று ஏதென்ஸ் மெட்ரோவின் முதல் பாதை. அதே வழியில் வந்து இறங்கித்தான் பயணிகள் கப்பலேறுகிறார்கள்.

திருநாள் கூட்டத்தை முதலில் கண்டது மைகோனோஸ் அல்ல, பக்கத்திலிருக்கும் டினோஸ். பெலாகியா என்ற துறவி கண்ட கனவைத் தொடர்ந்து 1823 ஜனவரியில் அங்கே நிலத்தைத் தோண்டியபோது மரியன்னையின் திருவுருவப் படம் கிடைத்தது. விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அந்தப் படம் நாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஆகஸ்ட் 15-ஆம் நாள் மரியன்னையின் விண்ணேற்புத் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து மக்கள் வந்து குவிவார்கள். நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். துறைமுகத்திலிருந்து மேட்டிலுள்ள கோயில்வரை முழங்காலால் ஊர்ந்து ஏறும் வேண்டுதல் இன்றும் நடக்கிறது. அதற்கென்றே தெருவோரம் விரிப்பு போட்டிருக்கிறார்கள். இந்தக் கூட்டத்துக்காக நீராவிக் கப்பல்கள் சிறப்பாக ஓடின. ஆண்டின் ஒரு வாரத்தில் மட்டும் ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றியிறக்கும் கலையைக் கப்பல்காரர்கள் பழகிக்கொண்டது டினோஸில்தான்.

அந்தத் திருவிழாவே போரின் முன்னறிவிப்புமானது. 1940 ஆகஸ்ட் 15 காலை, விழாவில் மரியாதை செலுத்த வந்து டினோஸ் துறைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எல்லி என்ற கிரேக்கப் போர்க்கப்பலை, அடையாளம் காட்டாத ஒரு நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. கரையோரம் நின்ற பயணிகள் கப்பல்களைக் குறிவைத்த டார்பிடோக்கள் துறைமேடையில் மோதி வெடித்தன. அது இத்தாலியின் தெல்பீனோ என்ற நீர்மூழ்கி. கிரேக்கம் அப்போது போரில் சேரவே இல்லை. இத்தாலி அதன்மீது வெளிப்படையாகப் படையெடுத்தது அக்டோபர் 28-இல்.

விருப்பமில்லாமல் தீவுக்குப் போனவர்களும் உண்டு. கயாரோஸ் என்ற வறண்ட பாறைத் தீவு ரோமானியர் காலத்திலேயே நாடுகடத்தும் இடம். 1936-இல் ஆட்சியைப் பிடித்த மெடாக்ஸாஸ், கம்யூனிஸ்டுகளையும் எதிர்ப்பாளர்களையும் அனாபி, ஆய் ஸ்த்ராதிஸ் முதலிய தீவுகளுக்கு அனுப்பினார். உள்நாட்டுப் போரின்போது மக்ரோனிசோஸ் தீவில் கைதிகள் முகாம் வந்தது. 1967-இல் வந்த ராணுவ ஆட்சி கயாரோஸை மறுபடியும் திறந்தது. ஒரே கப்பலின் மேல்தளத்தில் விலங்கிட்ட கைதிகளும் காவலர்களும், பக்கத்தில் கோழிக்கூடையோடு கிராமத்துப் பெண்களும் உட்கார்ந்து போன காலங்கள் அவை.

வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர் முதலில் வந்தது பழம்பொருள் பார்க்க. 1873 முதல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் டெலோஸில் அகழாய்வு நடத்தினார்கள். ஆளில்லாத அந்தத் தீவைப் பார்க்க வருகிறவர் தங்க மைகோனோஸ்தான் அருகில் இருந்தது. 1933-இல் நவீனக் கட்டடக்கலைஞர்களின் மாநாடு, மார்செயிலிலிருந்து கிளம்பிய பட்ரிஸ் என்ற கிரேக்கக் கப்பலின் தளத்திலேயே நடந்தது. லெ கொர்புசியே அதில் இருந்தார். வெள்ளையடித்த கனசதுர வீடுகளைக் கண்டு அவர்கள் வியந்தார்கள். ஏழ்மையாலும் வெயிலாலும் அப்படிக் கட்டிய மக்களுக்குத் தம் வீடுகள் உலகத்துக்கே முன்மாதிரி என்ற சேதி போய்ச் சேர நெடுநாள் ஆனது.

அந்தக் காலத்தில் தீவில் இறங்குவதே தனி வேலை. பெரும்பாலான தீவுகளில் கப்பல் ஒட்டி நிற்கத் துறைமேடை கிடையாது. கப்பல் வெளியே நின்று ஊதும். துடுப்புப் படகுகளும் பிறகு மோட்டார் படகுகளும் போட்டி போட்டு வந்து பக்கவாட்டில் ஒட்டும். ஆடு, மூட்டை, கிழவி, குழந்தை எல்லாம் ஏணியிலிருந்து அலை எழும்பும் கணத்தைப் பார்த்துப் படகில் இறக்கப்படும். சாண்டோரினியில் அதோடும் முடியாது. எரிமலை வாயின் செங்குத்துச் சுவருக்குக் கீழே இறங்கி, ஏறக்குறைய 600 படிகளைக் கோவேறு கழுதைமேல் ஏறினால்தான் ஃபீரா ஊர் வரும். படகோட்டிக்கும் கழுதைக்காரருக்கும் பேசி நிர்ணயித்த கூலிகள் இருந்தன. கம்பிவட ஊர்தி 1980-களின் தொடக்கத்தில் வந்தபோது, அதன் வருவாயில் ஒரு பகுதி கழுதைக்காரர்களுக்குப் போகும்படி ஏற்பாடு செய்ததிலிருந்து அவர்களின் பிடி எவ்வளவு வலுவானது என்று தெரியும்.

இரண்டாம் உலகப்போர் கிரேக்கப் பயணிகள் கப்பல்களை ஏறக்குறைய துடைத்துவிட்டது. போருக்குப் பின் கிடைத்ததையெல்லாம் வைத்து ஓட்டினார்கள். இத்தாலி போர் இழப்பீடாகக் கட்டிக்கொடுத்த சில கப்பல்கள் 1950-களில் வந்தன. மற்றவை வெளிநாட்டில் கழித்துக்கட்டிய பழைய கப்பல்கள். அப்படி ஜெர்மனியிடமிருந்து வந்த ஹிமாரா 1947 ஜனவரியில் தெற்கு எவியா வளைகுடாவில் மூழ்கி, ஏறக்குறைய நானூறு பேர் இறந்தார்கள். பழைய கப்பலை மலிவாக வாங்கி, பிரேயஸ் பக்கத்துப் பெராமா பட்டறைகளில் வெட்டி ஒட்டி, புதுப் பெயர் வைத்து ஓட்டுவது அதற்குப் பின்னும் நாற்பது ஐம்பது ஆண்டுகள் தொழிலின் இயல்பாகவே இருந்தது.

எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது லாரி. அதுவரை தீவிலிருந்து தக்காளியோ திராட்சையோ ஏதென்ஸ் சந்தைக்குப் போக, மூட்டை நான்கு முறை கைமாறும். லாரியோடு கப்பலுக்குள் ஏறி லாரியோடு இறங்கிவிட்டால் அந்தச் செலவே இல்லை. குறுகிய நீர்ச்சந்திகளைக் கடக்க, போரில் படையிறக்கப் பயன்பட்ட தட்டையான கலங்கள் உதவின. அந்த மாதிரியில் கட்டிய திறந்த தளப் படகுகளைக் கிரேக்கர்கள் செருப்பு என்று செல்லமாக அழைக்கிறார்கள். நெடுந்தூரத் தடங்களுக்குப் பெரிய கப்பல் வேண்டும். புதிதாகக் கட்டப் பணமில்லாததால், பழைய சரக்குக் கப்பல்களின் பக்கச் சுவரை வெட்டிக் கதவு வைத்தார்கள்.

ஹெராக்லியோன் என்ற கப்பல் அப்படி உருவானது. 1949-இல் கிளாஸ்கோவில் பிரிட்டிஷ் பிப்பி நிறுவனத்துக்காக, லெஸ்டர்ஷயர் என்ற பெயரில் கட்டப்பட்டது. 1960-களின் நடுவில் டிபால்டோஸ் நிறுவனம் அதை வாங்கி, பயணிகளும் வண்டிகளும் ஏறும் கப்பலாக மாற்றிக் கிரீட் தடத்தில் விட்டது. 1966 டிசம்பர் 7 இரவு, ஹானியாவுக்குப் பக்கத்திலுள்ள சூதா துறையிலிருந்து அது பிரேயஸுக்குக் கிளம்பியது. கடைசி நேரத்தில் ஆரஞ்சுப் பழம் ஏற்றிய குளிர்சாதன லாரி ஒன்று வருவதற்காகப் புறப்பாடு தாமதமானது. அந்த லாரியைச் சரியாகக் கட்டவில்லை. நடுக்கடலில் புயல், கப்பல் உருளும்தோறும் லாரி முன்னும் பின்னும் சறுக்கி, பக்கச் சுவரிலிருந்த கதவை இடித்தது. நள்ளிரவு தாண்டி இரண்டு மணிவாக்கில் ஃபல்கோனேரா என்ற பாறைத் தீவருகே கதவு பிய்ந்தது. வண்டித் தளத்தில் நீர் புகுந்து சில நிமிடங்களில் கப்பல் சரிந்து மூழ்கியது.

உயிர்தப்பியவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. இறந்தவர்கள் 200-க்கும் மேல். பயணிகளின் முழுப் பெயர்ப்பட்டியல் எதுவும் வைக்கப்படாததால், அறிக்கைக்கு அறிக்கை எண்ணிக்கை மாறுகிறது. விசாரணையில் அபாய அறிவிப்புத் தாமதம், பயிற்சியில்லாத ஊழியர்கள், கப்பலைக் கைவிடும் ஒத்திகை நடத்தாதது எல்லாம் வெளிவந்தன. அந்த நிறுவனத்தின் 15 கப்பல்களைச் சோதித்ததில் 12 தகுதியற்றவை என்று தெரியவந்தது. உரிமையாளர் சிறைக்குப் போனார், நிறுவனம் ஒழிந்தது. ஒரு லாரி கட்டாமல் போனதுதான் காரணம் என்று அந்தக் கதையைச் சுருக்குவது எளிது. பழைய கப்பலில் வெட்டிய கதவும், அதைச் சோதிக்காமல் உரிமம் தந்த அலுவலகமும், வேறு கப்பல் இல்லாததால் ஏறியே தீர வேண்டிய கிரீட் மக்களும் அதில் சேர்ந்திருந்தார்கள்.

கிரீட்டில் அந்தத் துக்கம் கோபமாகத் திரும்பியது. கிஸ்ஸாமோஸ், செலினோ பகுதியின் ஆயர் இரினேயோஸ் கலனாகிஸ், தீவு மக்களே சொந்தமாகக் கப்பல் வாங்கி ஓட்ட வேண்டும் என்று முன்வந்தார். சாதாரண ஆட்கள் சிறு சிறு தொகையாகப் பங்கு போட்டார்கள். 1967 ஏப்ரலில் ஹானியாவில் அனெக் நிறுவனம் பதிவானது. அதே மாதம் 21-ஆம் நாள் ராணுவம் நாட்டைப் பிடித்தது. இருந்தும் மக்கள் கம்பெனி நின்றுபோகவில்லை. 1970-இல் ஓடத் தொடங்கிய அதன் முதல் கப்பல் கிடோன், எண்ணெய்க் கப்பலாக இருந்து மாற்றப்பட்டது. 1972-இல் கிரீட்டின் இன்னொரு நகரமான ஹெராக்லியோனின் மக்களும் மினோவன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் முதல் கப்பல் மினோஸும் பழைய எண்ணெய்க் கப்பல்தான். லெஸ்வோஸ் தீவுக்காரர்களும் இதையே பின்பற்றினார்கள். கிரேக்கத் தனியார் கப்பல் முதலாளிகள் உலகமெங்கும் சரக்குக் கப்பல் ஓட்டிப் பெருஞ்செல்வம் சேர்த்த அதே காலத்தில், உள்நாட்டுத் தடங்களைக் காப்பாற்றியது பலரின் சிறு சேமிப்பு என்பதைக் கவனிக்க வேண்டும்.

சுற்றுலா இந்தப் பின்னணியில்தான் ஏறியது. அரசு 1950-களிலிருந்து ஸெனியா என்ற பெயரில் நாடெங்கும் விடுதிகள் கட்டியது. கட்டடக்கலைஞர் ஆரிஸ் கொன்ஸ்டான்டினிடிஸ் அந்தத் திட்டத்தை வழிநடத்தினார். ஈட்ராவில் எழுத்தாளர்களும் ஓவியர்களும் மலிவு வாடகைக்குக் குடியேறினார்கள். 1960-இல் கனடா நாட்டுப் பாடகர் லெனர்ட் கோஹன் அங்கே வீடு வாங்கினார். சாண்டோரினியின் கதை வேறு. 1956 ஜூலை 9-ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடிழந்த பலர் கப்பலேறி பிரேயஸுக்குப் போய்விட்டார்கள். எரிமலைச் சரிவில் குடைந்த அவர்களது குகைவீடுகள் ஆண்டுக்கணக்கில் பாழாகக் கிடந்தன. பிறகு அவையே விலையுயர்ந்த விடுதிகளாயின. தீவின் அதினியோஸ் கரையில் லாரி இறங்கத் துறை கட்டி, சுவரைப் பிளந்து வளைந்து ஏறும் சாலை போட்டபின் சிமெண்டும் கம்பியும் தடையின்றி வந்தன. விடுமுறைத் தீவு என்று இன்று தெரியும் ஊர் அந்தச் சாலையோடு வந்தது எனலாம்.

1970, 80-களின் பயணி மேல்தளச் சீட்டில் போனார். மிகக் குறைந்த கட்டணம். பெஞ்சோ தரையோ கிடைத்த இடம் படுக்கை. கப்பல் தீவை நெருங்கும்போது எல்லாரும் கீழே வண்டித் தளத்துக்கு இறங்கி, லாரிகளுக்கிடையே புகை மூச்சோடு காத்து நிற்பார்கள். சுவரோரம் மூட்டை வைக்கும் இரும்பு அடுக்குகளில் தீவின் பெயர் எழுதியிருக்கும். தவறான அடுக்கில் வைத்த பை அடுத்த தீவுக்குப் போய்விடும். கப்பல் குறுகிய துறைக்குள் அரைவட்டமாகத் திரும்பி, நங்கூரத்தை முன்னால் இறக்கி, பின்பக்கமாக மேடையை நோக்கி வரும். நிற்பதற்குள்ளாகவே சாய்தளம் இறங்கும். துறைக் காவலர் விசில் ஊத, இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் லாரிகளும் ஒரே நேரத்தில் நகர்வார்கள். கரையில் அறை வாடகைக்கு என்ற அட்டையை ஏந்தியபடி நடுநிசியிலும் பெண்கள் நிற்பார்கள். சிரோஸில் மட்டும் லுக்கூமி மிட்டாய்க் கூடையோடு விற்பனையாளர்கள் கப்பலுக்குள்ளேயே ஓடிவந்து, சங்கு ஊதுவதற்குள் விற்றுவிட்டு இறங்குவார்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் முடியும். காற்று பலமாக இருந்தால் இந்தப் பின்னோக்கு வித்தை பலிக்காது. சில நேரம் கப்பல் துறையை விட்டுவிட்டு அடுத்த தீவுக்குப் போய்விடும்.

எந்த அளவு காற்றுக்கு எந்தக் கலம் புறப்படலாம் என்பதற்குத் துறைமுக அதிகாரிகளிடம் அட்டவணை உண்டு. பொதுவாகப் போஃபோர்ட் அளவில் 8, 9 புள்ளியை எட்டினால் பெரிய கப்பல்களும் நிறுத்தப்படும். அதிவேகப் படகுகள் அதற்கு முன்பே நின்றுவிடும். 1970-களின் நடுவில் சோவியத் நாட்டுக் கொமெட்டா வகை நீர்ச்சிறகுப் படகுகள் ஈட்ரா, ஸ்பெட்சஸ் தடத்தில் வந்து, பயண நேரத்தைப் பாதியாக்கின. பின்னர் இரட்டை உடல் வேகப் படகுகள் சாண்டோரினிவரை போயின. வேகம் கூடியது, மெல்தெமிக்கு அஞ்சுவதும் கூடியது.

இந்தத் தொழிலில் நெடுங்காலம் அரசே எல்லாவற்றையும் முடிவு செய்தது. எந்தத் தடத்தில் எந்தக் கப்பல் என்பதற்குக் கப்பல்துறை அமைச்சகம் உரிமம் தரும். சீட்டு விலையும் அதுவே வைக்கும். லாபமில்லாத சிறு தீவுகளுக்குப் போகும் தடத்தைத் தரிசுத் தடம் என்பார்கள். அதற்கு மானியம் உண்டு. கொழுத்த தடமும் தரிசுத் தடமும் சேர்ந்தே பழைய நிறுவனங்களின் கையில் இருந்ததால், புதிய போட்டியாளருக்கு இடமில்லாமல் போனது. பழைய கப்பலை மாற்ற வேண்டிய அவசரமும் இருக்கவில்லை. கப்பல் 35 வயது ஆகும்வரை ஓடலாம் என்றது சட்டம்.

2000 செப்டம்பர் 26 இரவு, 34 வயதான எக்ஸ்பிரஸ் சமினா பாரோஸ் துறைக்கு இரண்டு கடல் மைலுக்கு வெளியே போர்ட்டெஸ் பாறைகளில் மோதி மூழ்கியது. அதில் ஏறியிருந்தவர்கள் ஐந்நூறுக்கும் மேல். இறந்தவர்கள் 80-க்கும் மேல். பாறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நீர்ப்புகாக் கதவுகளை மூடியிருந்தால் கப்பல் இன்னும் நேரம் தாக்குப்பிடித்திருக்கும். அவை திறந்து கிடந்தன. பாரோஸின் மீன்பிடிப் படகுகள் அலையைப் பொருட்படுத்தாமல் ஓடிவந்து பலரை மீட்டன. பிரான்ஸில் கட்டிய அந்தக் கப்பல் கடலில் இறங்கிய ஆண்டு 1966. ஹெராக்லியோன் மூழ்கிய ஆண்டும் அதுதான். அடுத்த சில வாரங்களில் பல பழைய கப்பல்களின் அனுமதி நிறுத்தப்பட்டதால், தீவுகள் சில ரொட்டிக்கும் மருந்துக்கும் தவித்தன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992-ஆம் ஆண்டு விதி உள்நாட்டுக் கடல் தடங்களை எல்லா உறுப்பு நாட்டுக் கப்பல்களுக்கும் திறக்கச் சொல்லியிருந்தது. கிரேக்கம் 2004 வரை விலக்குப் பெற்றிருந்தது. சமினாவுக்குப் பின் 2001-இல் இயற்றிய சட்டம் அதை முன்னதாகவே கொண்டுவந்தது. லாபத் தடங்கள் சந்தைக்கு விடப்பட்டன; தரிசுத் தடங்கள் ஏலத்தில் மானியத்தோடு கொடுக்கப்பட்டன. தென்கொரியாவில் கட்டிய ப்ளூ ஸ்டார் கப்பல்கள் 2000 முதல் சிக்லேடிஸ் தடங்களில் ஓடின. பழைய கப்பலை ஒட்டுப்போட்டு ஓட்டும் காலம் பெருமளவு முடிந்தது. ஜூலையில் ஒரே நாளில் பல கப்பல்கள் போகும் தீவுக்கு ஜனவரியில் வாரத்துக்குச் சில கப்பல்களே என்ற நிலையும் கூடவே வலுத்தது. சுற்றுலாப் பயணியின் காசு கப்பலைத் தீர்மானித்தது. 2018-இல் அரசு, தரைவழிப் பயணச் செலவோடு ஒப்பிட்டுத் தீவுவாசிகளுக்குக் கட்டண வேறுபாட்டைத் திருப்பித் தரும் திட்டத்தைத் தொடங்கியது.

மக்கள் கம்பெனிகளின் முடிவு வேறு விதமாக வந்தது. இத்தாலித் தடங்களில் பெரிதாக இறங்கிய அவை கடனில் சிக்கின. மினோவன் 2008-இல் இத்தாலியின் கிரிமால்டி குழுமத்தின் கைக்குப் போனது. 2009-க்குப் பின் வந்த பொருளாதார நெருக்கடியில் அனெக் நிமிரவே இல்லை. 2023-இல் ப்ளூ ஸ்டாரை நடத்தும் அட்டிகா குழுமத்தோடு இணைக்கப்பட்டது. ஆயரின் அழைப்பில் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் கப்பல்களின் பக்கவாட்டில் மட்டும் எஞ்சியது.

இப்போது செலவைத் தீர்மானிப்பது எரிபொருளும் கரியமில வாயு விதிகளும். 2024 முதல் ஐரோப்பிய ஒன்றியம் கப்பல் வெளியிடும் புகைக்குக் கட்டணம் வைத்திருக்கிறது. மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்குக் குறைவான தீவுகளுக்குப் போகும் பயணிகள் கப்பல்களுக்கு 2030 முடியும்வரை விலக்கு உண்டு. சிக்லேடிஸ், தொதெக்கனீஸ் தீவுகள் இந்த விலக்குக்குள் வருகின்றன. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் கிரீட்டின் தடங்கள் மட்டும் வருவதில்லை. பிரேயஸிலிருந்து ஹானியாவுக்கும் ஹெராக்லியோனுக்கும் போகும் இரவுக் கப்பல்கள் அந்தக் கட்டணத்தைச் சுமந்தே ஓடுகின்றன. 2025 மே முதல் மத்தியதரைக்கடல் முழுதும் கந்தகம் குறைந்த எரிபொருளே பயன்படுத்த வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்துள்ளது.